விரல் விட்டு எண்ணும் புரோகிராம்: எங்கெல்லாம் தப்பாகிறது?

புரோகிராமிங் பழக ஆரம்பிப்பவர்களுக்குக் கொடுக்கும் கணக்கு இது. ஒரு சிறுமி ஒரே கையில் எண்ணுகிறாள். கட்டைவிரல் 1, ஆள்காட்டி விரல் 2, நடுவிரல் 3, மோதிரவிரல் 4, சுண்டுவிரல் 5. அப்புறம் திரும்பி வந்து மோதிரவிரல் 6, நடுவிரல் 7, ஆள்காட்டி 8, கட்டைவிரல் 9, மறுபடி ஆள்காட்டி 10. ஓர் எண்ணைக் கொடுத்தால் எந்த விரலில் முடிப்பாள்?

விரல்கள் சுற்றிச் சுற்றி வருவதால், எண்ணை ஒரு சுற்றின் நீளத்தால் வகுத்தால் வரும் மீதியே விரலைச் சொல்லிவிடும். முதல் தப்பு கீபோர்டில் கை வைக்கும் முன்பே நடந்துவிடுகிறது. போகும்போது ஐந்து, வரும்போது ஐந்து, ஆகப் பத்து என்று 10 ஆல் வகுத்துவிடுகிறார்கள். ஒரு சுற்றில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒரு தடவைதான் வருகின்றன, நடுவில் உள்ள மூன்றும்தான் இரண்டு தடவை, அதனால் சுற்று 8. சுற்றை 9 என்று எடுப்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம், 9 வரை விடை சரியாகவே வந்து 10-இல்தான் மாட்டும். தயவுசெய்து 17 வரையாவது தாளில் எழுதிப் பாருங்கள்.

அடுத்தது மீதி. 8 ஆல் வகுத்தால் மீதி 8 வரவே வராது. ஆனாலும் 'மீதி இதுவென்றால் இந்த விரல்' என்று எழுதும் இஃப் வரிசையின் கடைசியில் மீதி 8 என்றால் ஆள்காட்டி என்று எழுதி, 16, 1000 போன்ற எண்களை விடையில்லாமல் விட்டுவிடுகிறார்கள். அங்கே இருக்க வேண்டியது 0.

எனக்கு மிகவும் ஆபத்தாகப் படுவது லிஸ்ட் போடும்போது வரும் தப்புதான். எட்டு விரல் பெயர்களையும் வரிசையாக லிஸ்டில் போட்டு, எண் % 8 - 1 என்று எடுக்கிறார்கள் (% என்றால் வகுத்து வரும் மீதி; லிஸ்டில் முதல் இடம் 0 என்பதால் 1-ஐக் கழிக்கிறார்கள்). எண் 8 என்றால் இது -1 ஆகும். பைத்தானில் -1 என்றால் லிஸ்டின் கடைசி உறுப்பு, அது ஆள்காட்டி, ஆக விடை தற்செயலாகச் சரி! அதையே ஜாவாவில் எழுதினால் புரோகிராம் எரர் காட்டி நின்றுவிடும். (எண் - 1) % 8 என்று எழுதிப் பழகுங்கள், லிஸ்டை 0-இலிருந்து எண்ணும் எந்த மொழியிலும் சரியாக வரும்.

லூப் போட்டு, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து, ஒவ்வொன்றாக எண்ணாதீர்கள். எண் 1000 என்றால் பரவாயில்லை. 1-க்குப் பின்னால் 18 சைபர் இருந்தால், வினாடிக்கு 10 கோடி தடவை சுற்றினாலும் 300 வருஷத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு பெரிய எண் சி++ மொழியில் முழு எண்களை வைக்கும் இன்ட் வகையில் அடங்கவும் அடங்காது, பொதுவாக அதன் எல்லை 2147483647, லாங் லாங் என்ற பெரிய வகை வேண்டும். அதற்கும் பெரிதாக, நூறு இலக்க எண் வந்தால்? 1000 என்பது 8 ஆல் மீதியின்றி வகுபடும், அதனால் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் எடுத்து 8 ஆல் வகுத்தாலே போதும்.