காத்திருக்கும் நாட்களில் கால் தவறும் இடங்கள்

கில்காலில் இஸ்ரவேலின் முதல் ராஜாவாகிய சவுல் ஏழு நாள் காத்திருந்தான். எதிரே மிக்மாசில் பெலிஸ்தர் பாளயமிறங்கியிருந்தார்கள்: 30,000 இரதங்கள், 6,000 குதிரைவீரர், கடற்கரை மணலைப்போல ஜனங்கள். இவன் பக்கத்து ஆட்களோ கெபிகளிலும் முட்காடுகளிலும் ஒளிந்துகொண்டு, கொஞ்சங்கொஞ்சமாகக் கழன்றுபோனார்கள். முடிவில் எண்ணிப் பார்த்தபோது மிஞ்சியவர்கள் 600 பேர். பலி செலுத்த வருவதாகத் தீர்க்கதரிசி சாமுவேல் குறித்த நாள் வந்தது, சாமுவேல் வரவில்லை. சவுல் தானே பலியைச் செலுத்தினான். அதை முடிக்கிற வேளையில் சாமுவேல் வந்து நின்றார்.

எதிரியோடு கைகலக்கும் முன்பே, "உம்முடைய ராஜ்யபாரம் நிலைநிற்காது" என்ற தீர்ப்பு அந்தப் பலிபீடத்தருகே சொல்லப்பட்டுவிட்டது. ஆவிக்குரிய போராட்டத்தில் காத்திருக்கிறவர்கள் மனதில் வைக்கவேண்டிய காட்சி இது. வேலை, சுகம், பிள்ளையின் மனமாற்றம், குடும்பத்தில் சமாதானம் என்று எதற்காகக் காத்திருந்தாலும், பதில் வருமுன் நாம் நிற்கிற கீழ்ப்படிதலின் இடத்தைவிட்டு நம்மை நகர்த்திவிட்டால் எதிராளியாகிய பிசாசுக்கு அது போதும். எங்கெங்கே நகர்ந்துபோகிறோம் என்று பார்ப்போம்.

கடைசி நேரத்தில் தானே செய்து முடிப்பது

சவுல் சொன்ன சாக்கைக் கவனியுங்கள். ஜனங்கள் சிதறினார்கள், நீர் வரவில்லை, பெலிஸ்தர் கூடிவிட்டார்கள். மூன்றும் உண்மை. "துணிந்து, சர்வாங்க தகனபலியைச் செலுத்தினேன்" என்றான். அவன் செய்தது கெட்ட காரியமாகவும் தெரியவில்லை. அது பலி, அது ஆராதனை. நம்மையும் பிசாசு பெரும்பாலும் இப்படித்தான் பிடிக்கிறான். பட்டப்பகலில் பாவம் செய் என்று சொன்னால் கேட்கமாட்டோம். தேவன் தடுத்த ஒன்றை தேவனுக்காகவே செய்வதுபோல் காட்டினால் கேட்டுவிடுகிறோம்.

ஆபிரகாம் ஆரானைவிட்டுப் புறப்பட்டபோது வயது 75. கானானில் பத்து வருஷம் கழிந்தபின், மனைவியின் அடிமைப்பெண்ணாகிய ஆகார் வழியாகப் பிள்ளை என்ற யோசனை வீட்டுக்குள் வந்தது. இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86. அடுத்து கர்த்தர் தரிசனமானதாக வேதம் சொல்லும்போது வயது 99. நடுவே 13 வருஷம். ஈசாக்கு பிறந்தது நூறாவது வயதில். ஆபிரகாமின் அவசரத்தால், சந்ததியைத் தருவேன் என்ற தேவனுடைய வாக்குத்தத்தம் கெட்டுப்போகவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஆகாரும் அவள் பிள்ளையும் பட்ட கண்ணீர் மெய்யான கண்ணீர். நம்முடைய குறுக்குவழிக்கான விலையை அநேகமாய் பக்கத்தில் இருப்பவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

எடுக்கப்போகிற முடிவு அவசரத்தில் பிறந்ததா என்று அறிய மூன்று கேள்விகள் உதவும். இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் இந்த யோசனை நிற்குமா, கரைந்துபோகுமா? இதை நிறைவேற்ற எங்காவது ஒரு பொய் சொல்லவேண்டியிருக்கிறதா? விசுவாசத்தில் முதிர்ந்த ஒருவரிடம் இதை முழுவதும் சொல்ல மனம் கூசுகிறதா? ஒன்றுக்காவது தயங்கினால் கையெழுத்துப் போடாதீர்கள். இராத்திரி பதினொரு மணிக்கு, பசியோடு, சண்டை போட்ட கையோடு எந்த முடிவும் வேண்டாம். தாளில் எழுதி வையுங்கள். மூன்று நாள் கழித்து காலையில் எடுத்து வாசியுங்கள்.

இதன் மறுபக்கம், திறந்த வாசலையெல்லாம் தேவசித்தம் என்று எடுத்துக்கொள்வது. என்கேதியில், தன்னைக் கொல்லத் தேடிய சவுலுக்குத் தப்பி தாவீது ஒளிந்திருந்த அதே கெபிக்குள் சவுலே வந்தான். 3,000 பேரோடு தேடி வந்தவன், தன்னந்தனியாக, காவல் இல்லாமல். கர்த்தர் சொன்ன நாள் இதுதான் என்று கூட இருந்தவர்கள் காதில் ஓதினார்கள். தாவீது எழுந்துபோய் சவுலின் சால்வைத் தொங்கலை மெள்ள அறுத்துக்கொண்டார். ஒரு துண்டுத் துணிதான். அதற்கே அவர் மனது அடித்துக்கொண்டது. சந்தர்ப்பம் கச்சிதமாகப் பொருந்தியது, நண்பர்கள் ஆமோதித்தார்கள், வசனமும் சொன்னார்கள். என்றாலும் கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்மேல் கை போடக்கூடாது என்று தாவீது அறிந்திருந்தார். அறிந்த கட்டளைக்கு எதிராகத் திறக்கிற வாசல் எவ்வளவு அகலமாயிருந்தாலும் அதில் நுழையவேண்டாம்.

கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது

"கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்" என்ற வசனம் அநேகர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. யாத்திராகமம் 14:14. அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசிக்கவேண்டும். இஸ்ரவேல் புத்திரர் புறப்பட்டுப்போகும்படி சொல் என்று கர்த்தர் மோசேயிடம் சொல்கிறார். பயத்தில் அலறாமல் சும்மாயிரு, சொன்னதும் நட. இரண்டும் ஒரே காத்திருத்தலின் பகுதிகள்.

சங்கீதங்களில் காத்திருத்தலுக்கு வருகிற எபிரெயச் சொற்களில் ஒன்று "காவா". அதிலிருந்து வந்த "திக்வா" என்ற சொல்லுக்கு நம்பிக்கை என்று பொருள். ராகாப் ஜன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றைச் சொல்லும் இடத்திலும் அதே சொல் வருகிறது. இழுத்துக் கட்டப்பட்ட கயிறுபோல ஒரு முனை நம் கையிலும் மறுமுனை தேவனிடத்திலும் இருக்கிற நிலை என்று எண்ணிக்கொள்ளலாம்.

பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்தை எரேமியா 29ஆம் அதிகாரத்தில் பாருங்கள். நம்பிக்கை தரும் அந்தப் புகழ்பெற்ற 11ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்ற கணக்கு இருக்கிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப்போகுமுன் இறந்திருப்பார்கள். அவர்களுக்கு அதுவரை கொடுக்கப்பட்ட வேலை என்ன? வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்யுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். வேலைக்குக் காத்திருக்கிறவர் விண்ணப்பம் அனுப்பவேண்டும்; சுகத்துக்குக் காத்திருக்கிறவர் மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடவேண்டும். மருந்தை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளம் என்று யாராவது சொன்னால், அந்த ஆலோசனையைக் கேட்காதீர்கள். நெகேமியா ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் ஜாமக்காரரையும் வைத்தார். எருசலேமின் அலங்கத்தைக் கட்டினவர்கள் ஒரு கையில் வேலையும் மறுகையில் ஆயுதமுமாக 52 நாளில் அதை முடித்தார்கள்.

சர்வாயுதவர்க்கத்தை மந்திரம்போல் சொல்வது

காலையில் கண் விழித்ததும், அப்போஸ்தலன் பவுல் சொன்ன ஆவிக்குரிய ஆயுதங்களாகிய கச்சை, மார்க்கவசம், பாதரட்சை, கேடகம், தலைச்சீரா, பட்டயம் என்று வரிசையாகச் சொல்லி "தரித்துக்கொள்கிறேன்" என்று முடிப்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்வதில் குற்றமில்லை. சொன்னதோடு தரித்தாயிற்று என்று நினைப்பதில்தான் பிசகு. எபேசியர் 6ஆம் அதிகாரத்தில் ஒவ்வொன்றும் வாழ்கிற ஒரு நிலை. கணக்கில் பொய் எழுதிவிட்டு சத்தியம் என்னும் கச்சையைக் கட்டமுடியாது. மார்க்கவசம், தலைச்சீரா இரண்டையும் ஏசாயா 59:17இல் கர்த்தரே அணிந்திருப்பதாக வாசிக்கிறோம். நாம் தரிப்பது அவருடையது. தகுதியில்லை என்ற குற்றச்சாட்டு நெஞ்சைத் தாக்கும்போது நம் நற்செயல்களை எண்ணிக் காட்டாமல் கிறிஸ்துவின் நீதியைக் காட்டவேண்டியது இதனால்தான்.

கேடகத்துக்குப் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் "துரேயோஸ்", கதவு என்ற சொல்லின் உறவு. ரோமப் போர்ச்சேவகரின் பெரிய கேடகம் ஏறக்குறைய நான்கு அடி உயரமும் இரண்டரை அடி அகலமும் கொண்டது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் குறித்திருக்கிறார். பலகைகளை ஒட்டி, மேலே துணியும் கன்றுத்தோலும் போர்த்திச் செய்வார்கள். அவ்வளவு பெரிய கேடகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடித் திரிவது கடினம். அதன் பின்னால் ஊன்றி நிற்கலாம். பகுதி முழுவதும் பவுல் திரும்பத் திரும்பச் சொல்வதும் நிற்கும்படிதான். பிசாசைத் துரத்திக்கொண்டு ஓடும்படி அங்கே கட்டளை இல்லை.

தேவவசனம் என்னும் பட்டயத்தைப் பற்றி ஒன்று. வனாந்தரத்தில் இயேசு சாத்தானுக்குக் கொடுத்த மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து வந்தவை. வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட ஜனங்களுக்குச் சொன்ன அதே பகுதி. சாத்தானும் சங்கீதம் 91ஐச் சொன்னான், இடம் பொருள் இல்லாமல் பிய்த்தெடுத்து. ஆகவே நாளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டையை உருவிப் பிடித்துக்கொள்வதைவிட, உங்களை இப்போது எது தாக்குகிறதோ அதற்கு ஏற்ற ஒரே வசனத்தை ஒரு வாரத்துக்கு எடுங்கள். அதன் முன் அதிகாரத்தையும் பின் அதிகாரத்தையும் வாசியுங்கள். யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்று எழுதுங்கள். பிறகு மனப்பாடம் செய்யுங்கள். யாக்கோபு 4:7இல் "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்" என்பதை மட்டும் முழங்குகிறவர்கள், அதற்கு முன்னால் "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருப்பதை இப்படி வாசித்தாலே கண்டுகொள்வார்கள்.

களைப்பையும் கோபத்தையும் பிசாசின்மேல் போடுவது

கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளை வென்ற எலியா, ராணி யேசபேலின் ஒரு வார்த்தைக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின்கீழ் படுத்து, சாகவேண்டும் என்று கோரினார். கர்த்தருடைய தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பிசாசைத் துரத்தவும் இல்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட ஒரு அடை, பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுத் தூங்கினார். தூதன் மறுபடியும் தட்டி எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று திரும்பவும் சாப்பிடச் சொன்னான். தேவன் பேசியது அதற்கெல்லாம் பிறகு, ஓரேபில். நான்கு நாளாகச் சரியாகத் தூங்காதவர் "ஜெபிக்கமுடியவில்லை, ஏதோ தடை" என்றால், முதலில் தூங்கட்டும். துக்கம் வாரக்கணக்கில் விடாமல் அழுத்தினால், சாகத் தோன்றினால், ஜெபத்தோடு மருத்துவரையும் இன்றே பார்க்கவேண்டும்.

கோபமோ வேறு வகை. எரிச்சலோடு சூரியன் அஸ்தமிக்கவிடுவதையும் பிசாசுக்கு இடங்கொடுப்பதையும் பவுல் எபேசியர் 4இல் அடுத்தடுத்த வசனங்களில் வைத்திருக்கிறார். மாமியாரோ மேலதிகாரியோ தன் சத்துரு என்று முடிவுகட்டி அவர்களுக்கு விரோதமாக ஜெபிக்கத் தொடங்கினால், நமக்குப் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல என்ற வார்த்தை காற்றில் போய்விடுகிறது. நிற்கவேண்டிய இடத்தைவிட்டு அப்போதே நகர்ந்துவிட்டோம்.

எண்ணிக்கையை நம்புவது

தானியேல் மூன்று வாரம் துக்கித்தார். பதிலோடு வந்த தூதனைப் பெர்சியாவின் அதிபதி 21 நாள் எதிர்த்து நின்றான். இதை வைத்து 21 நாள் உபவாசித்தால் வானத்துத் தடை உடையும் என்று கணக்குப் போடுவது தவறு. ஜெபித்த அத்தனை நாளும் தானியேலுக்கு அந்தப் போராட்டம் நடப்பதே தெரியாது. அவர் அந்த அதிபதியின் பெயரைச் சொல்லிக் கட்டவும் இல்லை. தேவனுக்குமுன் தன்னைத் தாழ்த்திக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அவர் வார்த்தைகள் கேட்கப்பட்டதோ முதல் நாளிலேயே. 22ஆம் நாள் பதில் வராதவர் மனமுடைந்துபோவதற்கு இந்தக் கணக்குதான் காரணமாகிறது. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்பதே அவருக்கு வந்த பதில். அதுவும் பதில்தான்.

உபவாசம் நல்லது. பழக்கமில்லாதவர் ஒரு வேளை உணவை விடுவதில் தொடங்கட்டும். தண்ணீர் தாராளமாகக் குடிக்கவேண்டும். தினமும் காபி குடிப்பவர் இரண்டு மூன்று நாள் முன்பே குறைத்துக்கொண்டால் தலைவலி அதிகம் வராது. முடிக்கும்போது லேசான உணவு, கொஞ்சமாக. சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் மருத்துவரைக் கேட்காமல் உணவைவிட்டு உபவாசிக்கவேண்டாம். தானியேலே ருசிகரமான அப்பம், இறைச்சி, திராட்சரசம் ஆகியவற்றைத்தான் விட்டதாகச் சொல்கிறார்.

வலியை மறைப்பது, தனியே தாங்குவது

சங்கீதம் 13இல் ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்று நான்குமுறை கேட்கிறார் தாவீது. முறுமுறுப்பு என்பது தேவனைப் பற்றிப் பிறரிடம் பேசுவது. புலம்பல் தேவனிடமே பேசுவது. முந்தினதற்குப் பயந்து பிந்தினதையும் அடக்கிக்கொண்டால், ஜெபம் வறண்டு வாய்ப்பேச்சாகிவிடும். காத்திருக்கிறவரைப் பார்க்கப் போகிறவர்களும் கவனிக்கவேண்டும்: யோபுவின் சிநேகிதர் செய்த நல்ல காரியம், முதல் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தது. எந்தப் பாவத்தால் வந்தது என்று ஆராயத் தொடங்கியபின் அவர்கள் பேசியது நிதானமாயிருக்கவில்லை என்று கர்த்தரே கோபித்தார்.

அமலேக்கோடு யுத்தம் நடந்த நாளில், இஸ்ரவேல் மேற்கொள்ளும்படி ஏறெடுத்திருந்த மோசேயின் கைகள் அசந்துபோயின. அவருக்கு விசுவாசம் குறையவில்லை, கை வலித்தது. ஆரோனும் ஊர் என்பவரும் முதலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்தார்கள். பிறகு பக்கத்துக்கு ஒருவராக நின்று கைகளைத் தாங்கினார்கள்; சூரியன் அஸ்தமிக்கும்வரைக்கும் அவை ஒரே நிலையாயிருந்தன. இப்படி இரண்டு பேரைக் கேட்டுக்கொள்ளுங்கள். "எனக்காக ஜெபியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், எதற்காகக் காத்திருக்கிறேன், எந்தக் குறுக்குவழி என்னை இழுக்கிறது என்ற இரண்டையும் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் குறித்து, பத்து நிமிஷம் பேசுங்கள். "பதில் வந்ததா" என்பதற்கு முன்னால், "இந்த வாரம் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, அந்தக் குறுக்குவழி என்ன ஆயிற்று" என்று அவர்கள் உங்களைக் கேட்கட்டும்.