நோட்டுல கிடந்த போர் விமானக் கணக்கை எல்லாரும் திறந்து பாக்கற ஃபைலா மாத்தின கதை, படிப்படியா

2025 செப்டம்பர் 26ம் தேதி சண்டிகர்ல மிக்-21க்கு வழியனுப்பு விழா நடந்துச்சு. 1963ல நம்ம விமானப்படைக்கு வந்த விமானம், 62 வருஷம் பறந்திருக்கு. அன்னிக்கு ராத்திரியே பரண்ல இருந்து என் பழைய நோட்டு ஏழையும் இறக்கிட்டேன். ஸ்கூல் படிக்கும்போது பேப்பர்ல வந்த கட்டிங், லைப்ரரி புக்ல இருந்து கையால எழுதின வேகம், எடை, எஞ்சின் பேரு, எல்லாம் அதுல இருக்கு. இதை கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஆர்வம் இருக்கற நாலு பேருக்கு குடுக்கலாம்னு ஆரம்பிச்சேன், ரெண்டு மூணு நாள் வேலைன்னு நினைச்சது ரெண்டரை மாசம் ஆச்சு. எங்கெங்க மாட்டினேனோ அதை எழுதறேன், இதே மாதிரி கலெக்‌ஷன் வச்சிருக்கறவங்களுக்கு உதவும்.

1. எதுல ஏத்தறது

நான் சொல்றது லிப்ரே ஆபீஸ் கால்க், எக்செல் மாதிரி கட்டம் கட்டமா இருக்கற சாஃப்ட்வேர். ஃப்ரீ, அது மட்டும் காரணம் இல்ல. ஃபைலைத் திறக்கும்போதே எந்த எழுத்து முறை, எந்த நெடுவரிசை வெறும் டெக்ஸ்ட்னு கேக்கும், அந்த ஒரு கேள்வி எவ்வளவு பெரிய காரியம்னு 4வது படியில புரியும். நாலு பேர் சேர்ந்து ஏத்தறீங்கன்னா கூகுள் ஷீட்ஸ் போதும். டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் எல்லாம் ஆரம்பத்துல வேண்டாம், முந்நூறு வரிக்கு அது தேவையே இல்ல.

2. ஒரு விமானத்துக்கு எத்தனை பேரு

ஒரு வரிக்கு ஒரு ரகம். மிக்-21ன்னு ஒரே வரி போட்டீங்கன்னா அங்கேயே தப்பு ஆரம்பிச்சிடும். நம்ம விமானப்படையில டைப் 77ன்னு சொல்றது எஃப்எல் ரகம், டைப் 96ன்னா எம், டைப் 75ன்னா பிஸ், அந்த பிஸ்ல சிலதை புது ரேடாரோட மேம்படுத்தினதுதான் பைசன். நேட்டோக்காரங்க எல்லாத்தையும் ஃபிஷ்பெட்னு ஒரே பேர்ல கூப்பிடுவாங்க. ஜாகுவாருக்கு ஷம்ஷேர், மிராஜ் 2000க்கு வஜ்ரா, மிக்-27க்கு பகதூர்னு நம்ம ஊர்ப் பேரு வேற. அதனால பேருக்கே நாலு நெடுவரிசை வச்சிடுங்க: தயாரிச்சவங்க வச்ச பேரு, நம்ம படையில உள்ள பேரு, நேட்டோ பேரு, அப்புறம் தமிழ்ல தேடறவங்க அடிக்கற எழுத்து. மிக், மிஃக், எம்ஐஜின்னு மூணு விதமாவும் தேடறாங்க, மூணையும் போட்டுட்டேன்.

3. நம்பரை மட்டும் எழுதாதீங்க (இங்கதான் நான் மாட்டினேன்)

மத்த எல்லாத்தையும் வேகமா படிச்சாலும் இதை மட்டும் நிதானமா படிங்க.

என் நோட்டுல மிக்-21 பிஸ்ஸுக்கு ஒரு இடத்துல மாக் 2.05னு (ஒலியோட வேகத்தைப் போல 2.05 மடங்கு) இருந்துச்சு, இன்னொரு பக்கத்துல மணிக்கு 2175 கி.மீ. ஷீட்ல எல்லாமே ஒரே அளவுல இருக்கணும்னு மாக் கணக்கை எல்லாம் 1225ஆல பெருக்கிட்டேன், கூகுள்ல ஒலியோட வேகம் கேட்டா முதல்ல அந்த நம்பர்தான் வரும். 2511 வந்துச்சு. ஒரே விமானத்துக்கு ரெண்டு வேகம், நடுவுல 336 கி.மீ வித்தியாசம். நோட்டுல இருந்த 2175தான் பேப்பர்க்காரங்க அச்சுப்பிழைன்னு நினைச்சு அடிச்சுட்டு 2511 போட்டேன், அதே மாதிரி இன்னும் நாப்பது வரிக்கும் போட்டுட்டேன்.

தப்பு என் கணக்குல இருந்துச்சு. 1225ங்கறது கடல்மட்டத்துல, 15 டிகிரி வெப்பத்துல ஒலி போற வேகம். மேல போகப் போக காத்து குளிரும், குளிர்ந்த காத்துல ஒலி மெதுவாத்தான் போகும். 11000 மீட்டருக்கு மேல அது சுமார் 1062தான். இப்போ 2.05ஐ 1062ஆல பெருக்கிப் பாருங்க, 2177 வரும், நோட்டுல இருந்ததுக்கும் அதுக்கும் சுமார் ரெண்டு கி.மீதான் வித்தியாசம். அந்த விமானம் மாக் 2 தொடறதே அந்த உயரத்துலதான், கடல்மட்டத்துல அதோட வேகம் சுமார் 1300 கி.மீதான். நாப்பது வரியையும் திரும்ப உக்காந்து சரிபண்ணேன், நோட்டு பத்திரமா இருந்ததால தப்பிச்சேன்.

அதுலருந்து எனக்கு ஒரே முறைதான். வேகம்னு ஒத்தை நெடுவரிசை கிடையாது. நம்பர் ஒரு கட்டம், அளவு ஒரு கட்டம் (மாக்கா, நாட்டா, கி.மீயா), எந்த உயரத்துலன்னு ஒரு கட்டம், எங்கருந்து எடுத்தேன்னு ஒரு கட்டம், அதுல புக் பேரும் பக்கமும். புக்ல என்ன அச்சாயிருக்கோ அதை மாத்தாம அப்படியே ஏத்துங்க, மாத்தின நம்பரைப் பக்கத்துல தனியா வைங்க. ஒரு நாட்னா மணிக்கு 1.852 கி.மீ, சாதா மைல் 1.609 கி.மீ, அடி 0.3048 மீட்டர். மைல்னு மட்டும் போட்டிருந்தா அது கடல் மைலா சாதா மைலான்னு அந்த புக்கோட முன்னுரையில தேடுங்க, தெரியலைன்னா மாத்தாம விட்டுடுங்க.

தூரமும் இப்படித்தான். ஆயுதம் இல்லாம, வெளி டேங்க் எல்லாம் மாட்டிக்கிட்டு ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு போற தூரம் வேற, குண்டோட போய் சண்டை போட்டு திரும்பி வர்ற தூரம் வேற. ரெண்டும் ஒரே நெடுவரிசையில இருந்தா எந்த விமானம் பெருசுன்னு யாராவது ஒப்பிடுவாங்க, அந்தப் பொய்க்கு நாமதான் காரணம்.

தேதிக்கும் இதே நியாயம். ரஃபேல் எப்போ வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்வீங்க? 36 விமானத்துக்கு கையெழுத்து போட்டது 2016 செப்டம்பர். பிரான்ஸ்ல முதல் விமானத்தை ஒப்படைச்சது 2019 அக்டோபர் 8. முதல் அஞ்சு அம்பாலாவுல இறங்கினது 2020 ஜூலை 29. முறைப்படி படையில சேத்தது 2020 செப்டம்பர் 10. நாலுமே சரி, கேள்விதான் வேற வேற. வருகைத் தேதின்னு ஒரே கட்டம் வைக்காம என்ன நிகழ்ச்சின்னும் எழுதுங்க.

தெரியாத கட்டத்துல சைபர் போடாதீங்க, காலியா விடுங்க. சைபரும் ஒரு நம்பர்தான், சராசரி எடுத்தா உள்ள புகுந்துடும்.

4. சேவ் பண்றது

எந்த கம்ப்யூட்டர்லயும் திறக்கணும்னா சி.எஸ்.வி, அதாவது கட்டத்தை கமாவால பிரிச்ச வெறும் டெக்ஸ்ட் ஃபைல். எழுத்து முறை யூ.டி.எஃப்-8, தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கற முறை. என் சித்தப்பா பையனுக்கு முதல் ஃபைலை அனுப்பினேன், அவன் எக்செல்ல டபுள் கிளிக் பண்ணி திறந்துட்டு, "அண்ணா, தமிழ் எல்லாம் கொக்கி கொக்கியா வருது, ஃபைல் கெட்டுப்போச்சு போல"ன்னான். கெடல. டபுள் கிளிக் பண்ணா எக்செல் அந்த ஃபைலை பழைய எழுத்து முறைன்னு நினைச்சுக்கும். டேட்டா மெனுவுல டெக்ஸ்ட் ஃபைல்ல இருந்து எடுக்கற வழியா போய் யூ.டி.எஃப்-8 தேர்ந்தெடுத்தா தமிழ் சரியா வரும். நீங்களே எக்செல்ல சேவ் பண்றதா இருந்தா லிஸ்ட்ல சி.எஸ்.வி யூ.டி.எஃப்-8ன்னு தனியா இருக்கும், அதைத்தான் எடுக்கணும்.

இன்னொண்ணு இதைவிட ஆபத்து. அமெரிக்க விமான வரிசை எண்ல முதல் ரெண்டு இலக்கம் ஆர்டர் போட்ட நிதியாண்டு. பி-52எச் 60-0001னு ஆரம்பிக்கும், அதுக்கு ஒண்ணும் ஆகாது, 60வது மாசம் கிடையாதே. ஆனா எஃப்-22ல 05-4081னு ஒண்ணு இருக்கு, அதை எக்செல் 4081ம் வருஷம் மே மாசம்னு எடுத்துக்கிட்டு மே-81னு காட்டும், அப்படியே சேவ் பண்ணிட்டா உங்க வரிசை எண் திரும்ப வராது. லிப்ரே ஆபீஸ்ல திறக்கும்போது அந்த நெடுவரிசையை கிளிக் பண்ணி டெக்ஸ்ட்னு மாத்திட்டா போதும்.

5. எதை வெளிய குடுக்கக் கூடாது

இதுல நான் கறார். என் ஷீட்ல இருக்கற எல்லாமே புக்லயோ, அரசாங்க அறிக்கையிலயோ, மியூசியத்துலயோ வந்ததுதான். இன்னிக்கு எந்த தளத்துல எத்தனை விமானம் நிக்குது, எத்தனை மணிக்கு கிளம்புச்சுன்னு வீட்டு மொட்டைமாடியில இருந்து பார்த்ததை ஏத்தாதீங்க. சூலூர் பக்கமோ தஞ்சாவூர் பக்கமோ இருக்கறவங்களுக்கு தினம் தலைக்கு மேல பறக்கும், ஆசையாத்தான் இருக்கும், இருந்தாலும் வேண்டாம். 1923ம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் அமல்ல இருக்கு, சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், அதுல பறக்கறது நம்ம பிள்ளைங்க. போட்டோ வேணும்னா டெல்லி பாலம் மியூசியம், பெங்களூர் ஹெச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) ஹெரிடேஜ் சென்டர், கஸ்தூரிபா ரோட்டுல விஸ்வேஸ்வரய்யா மியூசியம்னு போங்க, ஹெச்ஏஎல் கட்டின மருத் விமானத்தை பக்கத்துல நின்னு பாக்கலாம், ஜெர்மன் இன்ஜினியர் குர்ட் டாங்க் டிசைன் பண்ணி 1961ல முதல்ல பறந்தது, அந்த மூக்கோட அழகே தனி.

6. பகிர்றது

ஃபைலை எல்லாரும் பாக்கற மாதிரி வைக்கற கிட்ஹப் வெப்சைட்ல போட்டேன், யார் எந்த நம்பரை எப்போ மாத்தினாங்கன்னு பதிவு இருக்கும், எனக்கு அது ரொம்ப முக்கியம். ஃபைல் பேரை மட்டும் இங்கிலீஷ் சின்ன எழுத்துல, இடைவெளி இல்லாம வைங்க, தமிழ்ப் பேரு வச்ச ஃபைலை பழைய ஜிப் சாஃப்ட்வேர் குழப்பிடும். கூட ஒரு ரீட்மீ: ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன அர்த்தம், கடைசியா எப்போ திருத்தினது, எந்த லைசென்ஸ். நான் போட்டது கிரியேட்டிவ் காமன்ஸ், பேரைச் சொல்லிட்டு யாரும் எடுத்துக்கலாம். புக்ல இருந்த படத்தை ஸ்கேன் பண்ணி ஏத்தாதீங்க, அது எடுத்தவரோட சொத்து.

அப்டேட்: கமெண்ட்ல ஒருத்தர் தன்னோட ஃபைல்ல எடை எல்லாம் ஒரு கட்டம் தள்ளி வலதுபக்கம் போயிடுதுன்னு கேட்டிருந்தார். பார்த்தா 10,400னு கமா போட்டு நோட்பேட்ல டைப் பண்ணியிருக்கார். சி.எஸ்.விக்கு கமாதான் கட்டத்தைப் பிரிக்கற கோடு, அதனால 10 ஒரு கட்டம், 400 அடுத்த கட்டம். நம்பர்ல கமாவே வேண்டாம், 10400னு அடிங்க.

அப்டேட் 2: மிக்-21 மொத்தம் எத்தனைன்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. 870க்கும் மேலன்னு பொதுவா சொல்றாங்க, அதுல சோவியத் யூனியன்ல இருந்து நேரா வந்தது, நாசிக்ல ஹெச்ஏஎல் கட்டினது எல்லாம் சேர்த்தி. ஷீட்ல இதை இப்போ தனித்தனி வரியா பிரிச்சிட்டு இருக்கேன், டைப் 77 முடிஞ்சுது, டைப் 96 பாதியில நிக்குது.