ஊருக்குத் தடுப்பணை கேட்கப் போகிறீர்களா? மனு எழுதும் முன் ஆற்றில் இறங்குங்கள்

எங்கள் ஊர் வைப்பாற்றில் போய்ச் சேரும் ஒரு சிற்றாற்றின் கரையில் இருக்கிறது. ஆறு என்று சொல்கிறேனே தவிர, வருஷத்தில் இருபது நாள் தண்ணீர் ஓடினால் பெரிய விஷயம், மீதி நாளெல்லாம் மணலும் சீமைக்கருவேலமும்தான். அந்த இருபது நாள் தண்ணீரையாவது நிறுத்தி வைக்கலாமே என்று ஊரில் மனு மேல் மனுவாகப் போட்டோம். "விவசாயிகளின் வாழ்வாதாரத்தைக் கருத்தில் கொண்டு எங்கள் கிராமத்தில் தடுப்பணை ஒன்று கட்டித் தருமாறு" என்று ஆரம்பித்து, "பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடியும் மனு. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது. கடைசியில் ஒரு இளம் பொறியாளர்தான் சிரித்துக்கொண்டே கேட்டார், "அண்ணே, ஆறு உங்க எல்லையில மூணு கிலோமீட்டர் ஓடுது. இதுல எந்த இடத்துல கட்டச் சொல்றீங்க?" எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. அதற்கப்புறம் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், என்ன கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஆற்றின் குறுக்கே சுவர் வைத்தால் அது தடுப்பணை என்று எல்லாரும் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதில் ரகம் இருக்கிறது. ஆற்று நீரின் மட்டத்தை உயர்த்தி, கரையில் தலைமதகு (வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் கதவு) வைத்து, வாய்க்காலில் திருப்பிக் கண்மாய்க்கோ வயலுக்கோ கொண்டுபோவது அணைக்கட்டு. தாமிரபரணியில் மருதூர், ஸ்ரீவைகுண்டம் உட்பட வரிசையாக இருப்பவை எல்லாம் இந்த ரகம். பாலாற்றில் வாலாஜா பக்கத்தில் 1850களில் கட்டியதும் இதுதான், காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் போவது அங்கிருந்து. அடுத்தது நீரை அங்கேயே நிறுத்தி மண்ணுக்குள் இறங்க விடுவது, அதுதான் தடுப்பணை. ஆற்றுப் படுகை கீழே இறங்கிப்போய்ப் பழைய வாய்க்காலில் தண்ணீர் ஏறவில்லை என்றால், படுகையின் மட்டத்தை மட்டும் தூக்கிப் பிடிக்கத் தாழ்வாகப் போடுவது படுகை அணை. கதவு வைத்து, வெள்ளத்தின்போது தூக்கிவிடுவது கதவணை, அதற்குச் செலவும் அதிகம், ஆளும் வேண்டும். இவை தவிர, ஆற்று மணலுக்கு அடியிலேயே சுவர் இறக்கி ஊற்று நீரை மறிக்கும் முறையும் உண்டு. மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதனாலேயே யாரும் இதைக் கேட்பதில்லை. ஆனால் வெயில் கொளுத்துகிற ஊரில் நல்ல யோசனை, ஏனென்றால் மணலுக்குள் இருக்கும் தண்ணீரை வெயில் அவ்வளவு சுலபமாகக் குடித்துவிட முடியாது.

எங்கள் ஊர் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், எங்களுக்குத் தேவைப்பட்டது தடுப்பணையே இல்லை. கண்மாய்க்கு வரும் வரத்துக்காலின் வாய் ஆற்று மட்டத்தைவிட உயரத்தில் நின்றுபோயிருந்தது. மணல் அள்ளி அள்ளி ஆறு பள்ளமாகிவிட்டது, தண்ணீர் கால் மாட்டில் ஓடுகிறது, கண்மாய் காய்கிறது. இது தெரியாமல் இத்தனை வருஷம் தடுப்பணை தடுப்பணை என்று கத்தியிருக்கிறோம்.

சரி, இடம் பார்ப்பது எப்படி? மாசி, பங்குனியில் ஆறு காய்ந்திருக்கும்போது நாலைந்து பேர் சேர்ந்து நடந்தே போங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரும், பழைய நீர்ப்பாய்ச்சி யாராவது இருந்தால் அவரும் கட்டாயம் வரவேண்டும். ஆறு நேராக ஓடும் இடமாகப் பாருங்கள். வளைவில் கட்டினால் வெள்ளம் வெளிப்பக்கக் கரையைத்தான் தின்னும். இரண்டு கரையும் உயரமாக, உறுதியாக இருக்க வேண்டும். ஆறு அகலம் குறைந்து வரும் இடம் நல்லது, சுவரின் நீளம் குறையும். அப்புறம் கடப்பாரையால் படுகையைத் தோண்டிப் பாருங்கள். நாலு அடி, ஆறு அடியில் பாறையோ கெட்டிக் களியோ தட்டினால் அதை எழுதி வையுங்கள். துறை எப்படியும் துளை போட்டு மண்ணைச் சோதிக்கும், ஆனால் எங்கே துளை போடலாம் என்று காட்ட உங்களிடம் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

ஆற்றின் வாட்டம், அதாவது சரிவு, பார்ப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம், கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். இருபது மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான டியூபில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு முனையைக் குச்சியோடு பிடித்தால், இரண்டு பக்கத்திலும் தண்ணீர் மட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கிடைத்துவிடும், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இறக்கம். எங்கள் ஆற்றில் இருபது மீட்டருக்குச் சராசரியாக 4 சென்டிமீட்டர் இறக்கம் வந்தது. அதாவது 500-க்கு 1. இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் மீதி எல்லாம் தானாக வரும்.

ஒன்றரை மீட்டர் உயரச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். 500-க்கு 1 வாட்டத்தில் தண்ணீர் பின்னால் 750 மீட்டர் வரை நிற்கும். ஆற்றின் அகலம் 60 மீட்டர். சுவரடியில் ஒன்றரை மீட்டர் ஆழம், மறுமுனையில் பூஜ்யம், ஆகவே பாதிக் கணக்கு: 33,750 கன மீட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறதா? நெல்லுக்கு ஒரு போகத்தில் 1200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 4,850 கன மீட்டர். ஆக ஒருமுறை நிரம்பினால் ஏழு ஏக்கர் நெல், அவ்வளவுதான்! அதையும் சொட்டு விடாமல் வயலுக்குக் கொண்டுபோனால். கோடையில் நாளொன்றுக்கு 6, 7 மில்லிமீட்டர் ஆவியாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதனால்தான் "500 ஏக்கர் பாசனம் பெறும்" என்று மனுவில் அடித்துவிட்டால் பொறியாளர் முதல் வரியிலேயே பேனாவை மூடிவிடுகிறார். தடுப்பணையில் நின்று தெரியும் தண்ணீரை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, ஒரு பருவத்தில் எத்தனை முறை நிரம்பி, எவ்வளவு கீழே இறங்கி, எத்தனை கிணற்றில் ஏறுகிறது என்பதுதான் கணக்கு.

ஆகவே கிணறுகளை எடுங்கள். இருபுறமும் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் திறந்தவெளிக் கிணறு, போர் எல்லாவற்றையும் புல எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை கயிற்றில் கல்லைக் கட்டி விட்டுத் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று குறியுங்கள். ஒரு வருஷம் இதைச் செய்தால் போதும், இதைவிடப் பெரிய ஆவணம் எந்த ஊரும் கொண்டு போவதில்லை. கூடவே உங்கள் பகுதி அரசின் நிலத்தடி நீர் கணக்கில் எந்த வகையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மிகை நுகர்வு (ஊறுவதைவிட எடுப்பது அதிகம்) என்று இருந்தால், நிலத்துக்குள் நீரை இறக்கிச் செறிவூட்டும் வேலைக்கு உங்கள் கோரிக்கை வலுக்கும். ஒரு எச்சரிக்கை: கரையெல்லாம் தடிமனான கரிசலாக இருந்தால் தண்ணீர் நிற்கும், ஆனால் இறங்காது. அங்கே தடுப்பணையைவிடக் கண்மாய்க்குத் திருப்பும் அணைக்கட்டுதான் சரி.

இப்போது யாரும் பேச விரும்பாத விஷயம். கீழே யார் இருக்கிறார்கள்? 2016-ல் வாணியம்பாடி எல்லையை ஒட்டிப் புல்லூரில் ஆந்திர அரசு பாலாற்றுத் தடுப்பணையை 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தியபோது நாம் எல்லாரும் கொதித்தோம், சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் போட்ட 1892 ஆற்றுநீர் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினோம். நியாயம்தான். ஆனால் அதே வேலையை நாம் கீழூர்க் கண்மாய்க்குச் செய்தால் அதற்கு என்ன பெயர்? உங்கள் சுவருக்குக் கீழே எத்தனை வரத்துக்கால், எத்தனை கண்மாய், அவர்களின் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) எவ்வளவு என்று பட்டியல் எடுங்கள். முடிந்தால் அந்த ஊர்களின் ஆயக்கட்டுதாரர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாங்கள் போனபோது முதல் நாள் டீ கூடக் கொடுக்கவில்லை, மூன்றாம் முறை போனபோதுதான் "உயரம் மூணு அடிக்கு மேல போகக் கூடாது, மணற்போக்கி வைக்கணும்" என்று பேச ஆரம்பித்தார்கள். மணற்போக்கி என்பது தேங்கும் மணலை வெளியேற்ற வைக்கும் கதவு. அந்த இரண்டு நிபந்தனையையும் அப்படியே மனுவில் எழுதினோம். சம்மதம் இல்லாமல் போட்டால் யாராவது வழக்குப் போடுவார்கள், தடையாணை வரும், கம்பி துருப்பிடித்து நிற்கும்.

உயரத்தைப் பற்றியே இன்னொன்று. ஊருக்குள் எப்போதும் சுவரை உயர்த்தச் சொல்லித்தான் சண்டை போடுவார்கள், கரையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் சுவர் நடுவில் உடைவதைவிடப் பக்கவாட்டில் போவதுதான் அதிகம். தென்பெண்ணையில் விழுப்புரம் மாவட்டம் தளவானூரில் 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து 2020-ல் தடுப்பணை கட்டினார்கள். 2021 ஜனவரியில், சில மாதங்களிலேயே, ஒரு பக்கக் கரைச் சுவர் போனது, அதே வருஷம் நவம்பர் வெள்ளத்தில் மறுபடியும் உடைந்தது. ஆறு புத்திசாலி, குறுக்கே கெட்டியாக ஏதாவது நின்றால் ஓரத்தில் மண்ணாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே எஸ்டிமேட் போடும்போது கேட்க வேண்டியவை இவை: விங் வால் (இரு ஓரத்திலும் வரும் பக்கச் சுவர்) கரைக்குள் எவ்வளவு தூரம் போகிறது, மேலேயும் கீழேயும் கரைக்குக் கல் பதிப்பு எத்தனை மீட்டர், தண்ணீர் விழும் இடத்தில் அரிப்பைத் தடுக்கும் தளம், அதாவது ஏப்ரன், நீளம் என்ன, அடியில் நீர் கசிந்து போகாமல் மணலுக்குள் இறக்கும் கட்-ஆஃப் சுவர் எவ்வளவு ஆழம். இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார்களா என்று யோசிக்க வேண்டாம், நல்ல பொறியாளர் சந்தோஷப்படுவார்.

வெள்ள மட்டத்தையும் நீங்களே கொடுக்கலாம். சின்ன ஆறுகளில் நீரளவை நிலையம் இருக்காது. ஆனால் கோவில் படிக்கட்டில், பாலத்தின் தூணில் எந்த வெள்ளத்துக்கு எவ்வளவு வந்தது என்று ஊருக்கு நினைவிருக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த அந்த மழையின்போது தென்மாவட்டங்களில் பல ஊர் இப்படிக் குறி வைத்திருக்கிறது. பெயின்டால் கோடு போட்டுப் படம் எடுத்து இணையுங்கள்.

இனி காகிதம். ஆறும், 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாயும் நீர்வளத் துறையின் பொறுப்பு (2021-ல்தான் பொதுப்பணித் துறையிலிருந்து தனியாகப் பிரிந்தது). அதற்குக் குறைந்த கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்திடம். சின்ன ஓடையில் கல் தடுப்பணை என்றால் ஊரக வளர்ச்சித் துறையோ வேளாண் பொறியியல் துறையோ செய்யும், நீர்வளத் துறைக்கு அலைய வேண்டாம். இடம் தெரியாமல் மனுப் போட்டால் அது இரண்டு அலுவலகத்துக்கு நடுவில் நடந்தே செத்துவிடும்.

முதலில் கிராம சபையில் தீர்மானம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் இப்போது கிராம சபை கூடுகிறது, அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. தீர்மானத்தில் புல எண், ஆற்றின் பெயர், கிராமம், பிர்கா (வருவாய்க் குறுவட்டம்) எல்லாம் வர வேண்டும். அந்த நகலோடு மனுவை ஏ.இ. (உதவிப் பொறியாளர்) அலுவலகத்தில் நேரில் கொடுங்கள், இ.இ.-க்கு (செயற்பொறியாளர்) ஒரு நகல், ஆட்சியரின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு நகல், 'முதல்வரின் முகவரி' என்ற அரசின் குறைதீர்ப்புப் பிரிவில் ஒன்று. எல்லாவற்றிலும் பதிவு எண் வாங்காமல் நகராதீர்கள். எங்கள் கடைசி மனுவின் முதல் பத்தி இப்படி இருந்தது: "மேற்படி ஆற்றில், இன்ன புல எண்ணுக்கு எதிரே, பாலத்துக்கு 900 மீட்டர் மேலே, வரத்துக்கால் தலைப்பில் ஆற்றுப் படுகை 70 செ.மீ. தாழ்ந்துவிட்டதால் கண்மாய்க்கு நீர் ஏறவில்லை. அந்த இடத்தில் படுகை அணையும் தலைமதகும் அமைக்க ஆய்வு மேற்கொள்ளக் கோருகிறோம்." கவனித்தீர்களா, கட்டித் தரச் சொல்லவில்லை, ஆய்வு கேட்டிருக்கிறோம். ஆய்வுக்கு உத்தரவு போடுவது அவர்களுக்குச் சுலபம், நமக்கு அதுதான் முதல் கதவு.

அதற்கப்புறம் அளவெடுப்பு, வடிவமைப்பு, மதிப்பீடு, பிறகு நிர்வாக ஒப்புதல் அரசாணை, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் என்று வரிசை. பணம் பெரும்பாலும் மாநில நிதியிலிருந்தோ, நபார்டின் ஊரக உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிதிக் கடனிலிருந்தோ வரும். புதிய வேலைகள் சட்டமன்றத்தில் நீர்வளத் துறை மானியக் கோரிக்கையின்போது (துறைக்கு நிதி ஒதுக்கும் விவாதம்) அறிவிப்பாக வருவது வழக்கம், ஆகவே அதற்குச் சில மாதம் முன்பே உங்கள் மதிப்பீடு மேலே போயிருக்க வேண்டும். எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது இந்தக் கட்டத்தில்தான் பயன்படும். மதிப்பீடே இல்லாமல் அவரைப் பார்த்தால் பொன்னாடையும் போட்டோவும்தான் மிச்சம். எங்கே நிற்கிறது என்று தெரியவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி "மதிப்பீடு எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது" என்று மட்டும் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஏன் தாமதம் என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்ல மாட்டார்கள்.

வேலை ஆரம்பித்தால் தை முதல் ஆடிக்குள் அடித்தளமாவது முடிய வேண்டும், ஐப்பசி மழை யாருக்கும் காத்திருக்காது. கட்-ஆஃப் தோண்டும் நாளில் யாராவது ஒருவர் அங்கே நில்லுங்கள், மூடிய பிறகு ஆழத்தை யாரும் பார்க்க முடியாது. டேப்பை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டி முடித்த பிறகு மணற்போக்கியின் கதவைத் தூக்கும் திருகு சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். எங்கள் பக்கத்து ஊரில் அது காண்டிராக்டர் வண்டியோடு போய்விட்டது. இரண்டு மழையில் சுவரின் மட்டத்துக்கு மணல் மேவி, இப்போது அதன் மேல் ஆடு மேய்கிறது.