முடுக்கக் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

கீழே விழும் பொருளின் வேகம், அது விழுந்த தூரத்துக்கு ஏற்றபடி கூடுகிறது. 1604-இல் வெனிஸ் அறிஞரான பாவ்லோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில் கலிலியோ இப்படித்தான் நினைத்திருந்தார். தவறு. வேகம் கூடுவது நேரத்துக்கு ஏற்றபடி என்று பிறகு அவரே திருத்திக்கொண்டார். 1638-இல் வெளியான அவருடைய நூலில் சரியான விதி இருக்கிறது. கலிலியோவே சறுக்கிய இடம் என்பதால் நாம் தடுமாறினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காற்றுத் தடையை விட்டுவிடுவோம். விழத் தொடங்கிய 1 வினாடியில் ஒரு கல் 4.9 மீட்டர் இறங்கியிருக்கும். அப்போது அதன் வேகம் வினாடிக்கு 9.8 மீட்டர். 2 வினாடி முடிவில் வேகம் இரண்டு மடங்கு, தூரமோ நான்கு மடங்கு. முடுக்கம் மட்டும் முதலிலிருந்தே மாறவில்லை: வினாடிக்கு 9.8 மீட்டர்/வினாடி. ஒவ்வொரு வினாடிக்கும் திசைவேகம் (திசையையும் சேர்த்துச் சொல்லும் வேகம்) எவ்வளவு மாறுகிறது என்பதுதான் முடுக்கம். பொருள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அது சொல்லாது.

இதை மறந்தால் மேலே எறிந்த பந்தில் மாட்டிக்கொள்வோம். உச்சியில் பந்தின் திசைவேகம் சுழி, சரி. உடனே முடுக்கமும் சுழி என்று எழுதிவிடுகிறோம். அப்படியானால் நின்ற பந்தின் திசைவேகம் மாறவே மாறாது, அது அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்! உச்சியிலும் அதே 9.8 முடுக்கம் கீழ்நோக்கி இருக்கிறது.

முடுக்கத்துக்கு எதிர்க்குறி வந்தாலே வேகம் குறைகிறது என்பதும் தவறு. மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாக வைத்தால், இறங்கும் பந்தின் திசைவேகமும் முடுக்கமும் இரண்டுமே எதிர்க்குறிதான். வேகம் கூடிக்கொண்டே போகிறது. இரண்டும் ஒரே குறியா, வேறு வேறு குறியா என்று பார்க்க வேண்டும்.

தொடக்கத் திசைவேகத்தையும் இறுதித் திசைவேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி எடுப்பது, முடுக்கம் மாறாதபோது மட்டுமே செல்லும்.

எனக்குப் பிடித்த தவறு பிரேக் கணக்கு. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் பிரேக் போடுகிறது. வேகம் வினாடிக்கு 5 மீட்டர்/வினாடி வீதம் குறைகிறது. 6 வினாடியில் எவ்வளவு தூரம் போகும்?

முதல் பொறி அலகு. 72-ஐ அப்படியே வைத்து 5-ஆல் வகுத்தால், கார் நிற்க 14.4 வினாடி ஆகும் என்று வரும். 3.6-ஆல் வகுத்து 20 மீட்டர்/வினாடி ஆக்கிக்கொண்டால்தான் சரியான 4 வினாடி கிடைக்கும்.

இரண்டாவது பொறி நேரம். தொடக்கத் திசைவேகம் × நேரம், அதிலிருந்து பாதி முடுக்கம் × நேரத்தின் வர்க்கம் கழிக்க வேண்டும். நேரம் 6 என்று போட்டால் 120 − 90 = 30 மீட்டர். பார்க்க நல்ல விடை மாதிரியே இருக்கும். ஆனால் கார் 4-ஆவது வினாடியிலேயே, 40 மீட்டர் ஓடி நின்றுவிட்டது. சூத்திரத்துக்கு அது தெரியாது. மிச்சம் 2 வினாடிக்குக் காரைப் பின்னோக்கி 10 மீட்டர் ஓட்டிவிட்டது. விடை 40.

மேலே எறிந்த பந்துக்கு இதே முறை கடைசிவரை சரியாக வரும், ஏனென்றால் பந்து நின்ற பிறகும் புவியீர்ப்பு இழுக்கிறது. நின்ற காரை பிரேக் பின்னால் இழுக்காது.