பெங்களூரில் முழுநேர ஃப்ரீலான்ஸ் எழுத்து: முதல் ஆறு மாதத்தில் செய்யக்கூடாத தவறுகள்

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுத வருபவர்கள் பலர் மூன்றாவது, நான்காவது மாதத்தில்தான் தடுமாறுகிறார்கள். அதற்கு எழுத்து காரணமாக இருப்பது குறைவு. பணம் கைக்கு வர எத்தனை நாளாகும் என்று முதலிலேயே கணக்குப் போடாததுதான் பெரும்பாலும் காரணம்.

ஜனவரி முதல் வாரத்தில் பத்து நிறுவனங்களுக்கு மெயில் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பதில் வர இரண்டு வாரம் ஆகும். மாதிரி கேட்டு, பார்த்து, ரேட் பேசி முடிக்க இன்னும் இரண்டு வாரம். பிப்ரவரியில் எழுதிக் கொடுத்து, மாதக் கடைசியில் இன்வாய்ஸ் அனுப்புவீர்கள். அக்கவுன்ட்ஸ் பிரிவு அதற்கு 30 அல்லது 45 நாள் எடுத்துக்கொள்ளும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே முதல் தொகை வர ஏப்ரல் ஆகிவிடும். இரண்டு மாதச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு ராஜினாமா செய்பவர் மார்ச்சிலேயே கடன் கேட்கத் தொடங்கிவிடுகிறார்.

வாடகை, சாப்பாடு, இணையம் எல்லாம் சேர்ந்து மாதம் 35,000 ரூபாய் செலவு என்றால், ஆறு மாதத்துக்கு 2,10,000 ரூபாய் தனியாக இருக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அல்சூரிலோ காக்ஸ் டவுனிலோ அது பல மாத வாடகை, பெரிய தொகைதான். ஆனால் வீட்டைக் காலி செய்யும்வரை அதைத் தொட முடியாது. காலி செய்யும்போதும் பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள்.

முதல் வாடிக்கையாளர் கிடைத்ததும் தேடலை நிறுத்துவது அடுத்த தவறு. எல்லாவற்றிலும் மோசமானதும் இதுதான். பிப்ரவரியில் வேலை கை நிறைய இருக்கிறது என்று மெயில் அனுப்பாமல் விட்டால், மே மாதத்தில் கணக்கு காலியாக இருக்கும். அப்போது பதறிப்போய் பாதி ரேட்டுக்கு ஒத்துக்கொள்வார்கள். அந்த வேலை நேரத்தையெல்லாம் விழுங்கிவிட, தேடல் மறுபடியும் நின்றுபோகும். எவ்வளவு வேலை இருந்தாலும் வாரத்துக்கு ஐந்து புதிய மெயில், பழைய மெயில்களுக்கு ஒரு நினைவூட்டல் என்பதை விடக்கூடாது.

மெயிலில் என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். ‘தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எதை வேண்டுமானாலும் எழுதித் தருவேன்’ என்பதைப் படித்தவுடன் மூடிவிடுவார்கள். கோரமங்கலாவிலும் ஹெச்எஸ்ஆரிலும் இருக்கும் நிறுவனங்களில் தமிழ் வேலையைக் கொடுப்பவருக்கே பல சமயம் தமிழ் படிக்கத் தெரியாது. அவர்களுடைய செயலியின் தமிழ்ப் பக்கத்தில் பயனர் குழம்பக்கூடிய மூன்று இடங்களைப் படமெடுத்து, பக்கத்தில் திருத்திய வடிவத்தைப் போட்டு, என்ன குழப்பம் என்று ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள். பத்துப் பக்கப் போர்ட்ஃபோலியோவைவிட இதற்குச் சீக்கிரம் பதில் வரும்.

ரேட் விஷயத்துக்கு வருவோம். சொல்லுக்கு ஒரு ரூபாய் என்று பேசி 1,200 சொல் கட்டுரையை எடுத்துக்கொள்கிறீர்கள். படித்துக் குறிப்பெடுக்க 2 மணி நேரம், ஒருவரிடம் போனில் பேசி அதை எழுதி வைக்க 1, எழுத 4, அவர்கள் கேட்ட திருத்தங்களுக்கு 2. மொத்தம் 9 மணி நேரம். மணிக்கு 133 ரூபாய். இதில் மெயிலுக்கும் போனுக்கும் போன நேரம் சேரவில்லை. முதலில் மணிக்கணக்கில் உங்களுக்கு எவ்வளவு கட்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதைக் கட்டுரைக்கு இவ்வளவு என்று மாற்றிச் சொல்லுங்கள். இரண்டு முறை திருத்தம் சேர்த்தி, மூன்றாவதுக்குத் தனிக் கட்டணம் என்பதையும் மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பு என்றால் மூலத்தின் சொற்களை எண்ணுவார்களா, தமிழின் சொற்களையா என்று கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1,000 ஆங்கிலச் சொல் தமிழில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் வரும். தமிழை எண்ணினால் நஷ்டம் உங்களுக்கு. இயந்திரம் எழுதியதை ‘கொஞ்சம் சரிபார்த்தால் போதும்’ என்று கொடுத்தால், ரேட் பேசும் முன் இரண்டு பக்கம் வாங்கிப் பாருங்கள். பல சமயம் அதை முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும். இலவச மாதிரிக்கு 300 சொல் போதும். 1,500 சொல் கேட்பவர் மாதிரி கேட்கவில்லை, கட்டுரை கேட்கிறார்.

‘சும்மா ஒரு தடவை நேரில் வாருங்கள்’ என்பதும் செலவுதான். ஸ்ரீராமபுரத்தில் பச்சைத் தடத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்துக்கு மாறி, ஒயிட்ஃபீல்டு போய்த் திரும்பினால் அரை நாள் போய்விடும். முதல் பேச்சுக்கு வீடியோ கால் போதும்.

பணம் தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் இன்வாய்ஸில் விடுபட்ட ஒரு வரி. நம்பர், தேதி, என்ன வேலை, பான், வங்கிக் கணக்கு, ஐஎஃப்எஸ்சி, அவர்கள் கொடுத்த பிஓ (வேலைக்கான ஆர்டர்) நம்பர், பணம் தர வேண்டிய கடைசி நாள் எல்லாம் இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் வெண்டர் பதிவு (வேலை செய்து தருபவராக உங்களைச் சேர்த்துக்கொள்வது) முடியாமல் பிஓ வராது, பிஓ இல்லாத இன்வாய்ஸ் யாருடைய மேஜையிலும் நகராது. எனவே பதிவுப் படிவத்தை முதல் கட்டுரைக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். புதிய சிறு நிறுவனம் என்றால் பாதித் தொகை முன்பணம்.

50,000 எதிர்பார்த்த இடத்தில் 45,000 வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் தரும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீத டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். வரித்துறைத் தளத்தில் உங்கள் பெயரில் அது ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கொரு முறை பாருங்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது அது உங்கள் வரியில் கழியும், மிஞ்சினால் திரும்ப வரும். வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை ஆரம்பத்திலேயே செய்துவிடுங்கள். அரசுத் தளத்தில் அது முழுக்க இலவசம். பணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி, பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. வழக்குக்குப் போகவே வேண்டாம். பதிவு எண்ணை இன்வாய்ஸில் அச்சிட்டாலே அக்கவுன்ட்ஸ் பிரிவு கொஞ்சம் வேகம் காட்டும்.

ஒப்பந்தத்தில் ‘எல்லா உரிமைகளும், என்றென்றைக்கும், உலகம் முழுவதும்’ என்ற வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். நிறுவனத்தின் விளம்பர வரிகளுக்கு முழு உரிமையைக் கொடுப்பதில் பிரச்சினை இல்லை. உங்கள் பெயரில் வரும் நீண்ட கட்டுரைக்கு மட்டும் காலத்தை எழுதச் சொல்லுங்கள்.

இன்னும் வேலையை விடவில்லை என்றால், நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டைத் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள விலகும் முன்பே விண்ணப்பியுங்கள். கிரெடிட் கார்டோ வீட்டுக் கடனோ வேண்டுமென்றால் அதற்கும் இதுதான் நேரம். கடைசி சம்பளச் சீட்டுக்குப் பிறகு வங்கி குறைந்தது இரண்டு வருட ரிட்டர்னாவது கேட்கும்.