ஒரு சாண் துணி, ஒரு முழ நூல்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. காலை எட்டரையிலிருந்து டியூப்லைட் போட்ட மேஜை முன்னால் நின்று பீஸ் பீஸாகத் திருப்பிப் பார்ப்பதுதான் பிழைப்பு. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, பிசிறு வெட்டாதது. அந்தப் பழக்கமோ என்னவோ, யார் கை எம்ப்ராய்டரி செய்து காட்டினாலும் என் கை முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பும். ஞாயிற்றுக்கிழமை நான் வளையமும் ஊசியுமாகத் திண்ணையில் உட்கார்ந்தபோது லைன் வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். இப்போது அவர்களே தலையணை உறையைக் கொண்டுவந்து ஒரு பூ போட்டுத் தரச் சொல்கிறார்கள்.

நாங்கள் ஆறு பேர் வருடம் ஒருமுறை, செய்ததை மாற்றிக்கொள்கிறோம். கோபியில் ஒரு டீச்சர், கரூரில் ஒரு அக்கா, காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கிற ஒரு அம்மா, பொள்ளாச்சியில் அக்கா தங்கை இரண்டு பேர், அப்புறம் நான். நீங்களும் நாலைந்து பேர் சேர்ந்து இப்படிச் செய்யலாம். துணி எடுப்பதிலிருந்து தபாலில் போடுவது வரைக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பனியன் கம்பெனிக்காரனே சொல்கிறேன், பனியன் துணியில் ஆரம்பிக்காதீர்கள். அது இழுபடும். வளையத்தில் மாட்டும்போது விறைப்பாக நிற்கும், கழற்றியதும் சுருங்கி, போட்ட பூ வாடிப்போன மாதிரி ஆகிவிடும். காடாத் துணி, அதாவது வெளுக்காத பருத்தித் துணி வாங்குங்கள். சோமனூர், பல்லடம், ஈரோட்டுப் பக்கம் விசைத்தறியில் ஓடுகிற சாதாரணக் காடா போதும். அதில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி இருக்கும், அதனால் மொடமொடவென்று நிற்கும். ராத்திரி வெந்நீரில் ஊறப்போட்டு, காலையில் நன்றாக அலசிக் காயவைத்து, லேசான ஈரத்திலேயே இஸ்திரி போடுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் பின்னால் அழ வேண்டும். முதல் துவைப்பில் துணி சுருங்கும், நூல் அந்த அளவுக்குச் சுருங்காது, பூவைச் சுற்றி நாலு பக்கமும் மடிப்பு மடிப்பாக நிற்கும்.

துணி அளவு ஒரு சாண், அதாவது ஒன்பது அங்குலச் சதுரம். நடுவில் ஐந்து அங்குலத்துக்குள் வேலை, சுற்றி இரண்டிரண்டு அங்குலம் வெற்றாக விட வேண்டும். வாங்குகிறவர் பிரேம் போடுவாரோ, தலையணை உறையில் ஒட்டுப் போடுவாரோ, அந்த ஓரம் இருந்தால்தான் எதுவும் செய்ய முடியும். ஆறு அங்குல மர வளையம் இதற்குச் சரியாக இருக்கும். உள்வளையத்துக்குத் துணிப் பட்டை சுற்றிவிட்டால் துணி வழுக்காது. எங்கள் ஊரில் கட்டிங் வேஸ்ட்டுக்கா பஞ்சம்? ராத்திரி படுக்கும்போது வளையத்தைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் வட்டமாக விழுந்த தடம் லேசில் போகாது.

நூலுக்கு வருவோம். கடையில் கிடைக்கிற ஆங்கர் மாதிரி எம்ப்ராய்டரி நூல் கண்டு ஒன்றில் 8 மீட்டர் இருக்கும், ஆறு இழை சேர்ந்தது. வெட்டும் அளவு ஒரு முழம், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, கிட்டத்தட்ட 18 அங்குலம். பூக்காரம்மா முழம் வேண்டாம், நிஜ முழமாகவே அளக்கலாம். அடிக்கடி ஊசி கோக்கச் சோம்பல்பட்டு இரண்டு முழம் வெட்டினால், ஒவ்வொரு தையலுக்கும் அந்த நூல் முழுக்கத் துணி வழியாகப் போய் வந்து, கடைசியில் பஞ்சு பஞ்சாகத் தேய்ந்து முடிச்சு விழும். வெட்டிய நூலிலிருந்து ஒரே ஒரு இழையை மட்டும் பிடித்து நேராக மேலே உருவுங்கள். மற்ற ஐந்தும் கீழே சுருண்டு நிற்கும், பயப்பட வேண்டாம், இழை வெளியே வந்ததும் தானாக நீண்டுவிடும். இப்படி ஒவ்வொன்றாக உருவி, தேவைப்படுகிற இரண்டு இழையைத் திரும்பச் சேர்த்துக் கோத்தால் தையல் தட்டையாக, முறுக்கில்லாமல் விழும். இரண்டு இழைக்கு 8 அல்லது 9 நம்பர் ஊசி. நம்பர் கூடக் கூட ஊசி மெலியும்.

படம் எடுக்க ஜன்னல் கண்ணாடியே போதும். பகல் வெளிச்சத்தில் தாளை ஒட்டி, மேலே துணியை வைத்து, கூர்மையான பென்சிலால் மெல்ல வரையுங்கள். தண்ணீரில் அழிகிற நீல பேனாவால் வரைந்தால் இஸ்திரிப் பெட்டி படுவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரில் அலசியே ஆக வேண்டும், சூடு பட்டால் கறை தங்கிவிடும். சூட்டில் மறைகிற பேனாவை மாற்றிக்கொள்ளும் பீஸுக்கு நான் தொடுவதே இல்லை. அந்த மை அழிவதில்லை, மறைந்துதான் இருக்கிறது. நம்பாதவர்கள் அந்தத் துணியை ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் பாருங்கள்.

தையல்களில் நூறு வகை சொல்வார்கள். முதல் வருடத்துக்குக் காம்புத் தையல், சங்கிலித் தையல், பிரெஞ்சு முடிச்சு, இறகுத் தையல் நாலும் போதும். நாலில் ஒன்றைச் சுத்தமாகப் படிக்க வேண்டும் என்றால் காம்புத் தையலைப் படியுங்கள். காங்கேயம் காளையின் கொம்பு போடுவதாக வைத்துக்கொள்வோம். கோட்டின் இடது முனையில் ஊசியை மேலே எடுங்கள். கோட்டின் மேலேயே அரை சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளிக் குத்தி, பாதி தூரம் பின்னால் வந்து, அந்தத் தையலின் நடுவில் வெளியே எடுங்கள். நூல் கோட்டுக்குக் கீழ்ப்பக்கமே கிடக்க வேண்டும். அடுத்த தையலும் அரை சென்டிமீட்டர்தான், இந்த முறை ஊசி வெளியே வருவது முந்தைய தையல் முடிந்த அதே ஓட்டையில். இப்படியே போனால் கயிறு திரித்த மாதிரி கோடு வரும். ஒரே ஒரு தையலில் நூல் மேல்பக்கம் போய்விட்டாலும் முறுக்கு அந்த இடத்தில் மாறிக் கண்ணை உறுத்தும். பிரித்துவிட்டுப் போடுங்கள். கொம்பு வளைகிற இடத்தில் தையலைப் பாதியாகக் குறைத்தால் வளைவு உடையாமல் போகும்.

கண்ணுக்குப் பிரெஞ்சு முடிச்சு. ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே வந்த ஓட்டையிலேயே குத்தாமல் ஒரு இழை தள்ளிக் குத்துங்கள். அதே ஓட்டையில் குத்தினால் முடிச்சு பின்பக்கம் நழுவி ஓடிவிடும். சுற்றிய நூலை இடது கையால் இழுத்துப் பிடித்தபடியே ஊசியை உள்ளே இறக்க வேண்டும்.

இந்தக் காளையில் எனக்கு ஒரு கதை உண்டு. முதல் வருடம் தாயும் கன்றுமாகச் சாம்பல் நிறத்தில் போட்டு, காங்கேயத்து அம்மாவுக்கு அனுப்பினேன். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. அவர் போனில் சிரிக்கிறார். "நல்லா இருக்குதுங்க, ஆனா கன்னு செவலையாயில்லங்க இருக்கும்? ஆறு மாசம் போனாத்தானுங்க மயிலையாகும்." செவலை என்றால் சிவப்பு, மயிலை என்றால் சாம்பல். காங்கேயத்தைத் தாண்டி எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. இப்போது அவருக்கு அனுப்புகிறவர்கள் யாரானாலும் வண்டிப் பாதையோரக் கொறங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டை, ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுகிறோம். கிளுவை வேலிக்கு இறகுத் தையல் என்று வைத்துக்கொண்டதும், வெள்வேல மரத்துக்கு முடிச்சு முடிச்சாக இலை போட்டதும் அப்படி வந்ததுதான்.

முன்பக்கம் தெரியாததைப் பின்பக்கம் சொல்லிவிடும். ஆரம்பத்தில் முடிச்சுப் போடாதீர்கள், இஸ்திரி போட்டால் முன்னால் புடைக்கும். இரண்டு அங்குல நூலை விட்டுவிட்டு ஆரம்பித்து, கடைசியில் அதை வரிசைத் தையலுக்குள் நாலைந்து தடவை நுழைத்து வெட்டுங்கள். ஒரு பூவிலிருந்து தூரத்துப் பூவுக்கு நூலைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனால் வெள்ளைத் துணியில் நிழலடிக்கும். நமக்கு மேலே நீலகிரியில் தோடர் பெண்கள் வளையமும் மாட்டாமல், படமும் வரையாமல், துணியின் இழையை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் போடுகிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. இரண்டு பக்கமும் பார்க்கலாம். அதை ஒருதடவை கையில் திருப்பிப் பார்த்த பிறகு என் பின்பக்கத்தைப் பற்றிப் பேச எனக்கே கூச்சம்.

சிவப்பு என்றதும் இன்னொரு கசப்பு. பெயரில்லாத மலிவு அரக்கு நூலில் பொள்ளாச்சிக்கு ஒரு செம்பருத்தி போட்டுத் தந்தேன். முதல் துவைப்பிலேயே துணி முழுக்க ரோஸ் கலர். தப்பு என்னுடையதுதான், சோதித்திருக்க வேண்டும். சிவப்பு, கறுப்பு, கருநீலம் எதுவானாலும் ஒரு துண்டு நூலை நனைத்த வெள்ளைத் துணிக்குள் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம். தைத்த பிறகு சாயம் கசிந்தால் காயவிடாமல், சூடு காட்டாமல், பச்சைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருங்கள், ஓரளவு போகும்.

சரி, மாற்றிக்கொள்வது எப்படி? இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துத்தான் ஆரம்பித்தோம். அது மொய் நோட்டு கணக்காகிவிட்டது. அவர் நாலு பூ போட்டாரே என்று நான் ஆறு, நான் ஆறு போட்டேனே என்று அவர் மயில். மொய்யில் வாங்கினதுக்கு மேல் வைத்துத் திருப்புவது நம் ஊர் வழக்கம், இங்கே அது ஆளைக் கொன்றுவிடும். மூன்றாவது வருடம் கோபி டீச்சர்தான் வழி சொன்னார். பெயர் எழுதிய சீட்டை டம்ளரில் போட்டுக் குலுக்கி, வருகிற வரிசைப்படி வட்டமாகச் சுற்றிவிடுவது. நான் ஒருவருக்கு அனுப்புவேன், எனக்கு வேறொருவர் அனுப்புவார். ஒன்றுக்கு ஒன்று ஒப்பிட ஆளில்லை. துணி ஒரு சாண், நூல் ஆறு நிறத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் அப்போதே பேசி வைத்தோம்.

நாள் கணக்கு முக்கியம். ஆடி 18 அன்று சீட்டு, புரட்டாசி முடிவதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும். ஐப்பசி வந்தால் எங்கள் கம்பெனியில் தீபாவளி ஓட்டம், தபாலாபீஸிலும் கூட்டம். முடியாது என்று தெரிந்தால் பாதி நாளிலேயே சொல்லிவிடுங்கள், இன்னொருவர் இரண்டு பீஸ் போட்டுக்கொள்வார்.

அனுப்பும்போது டர்க்கி டவல் மேல் குப்புறப் போட்டுப் பின்பக்கம் இஸ்திரி போடுங்கள், முடிச்சுகள் நசுங்காது. மடிக்காமல் அட்டைக் குழாயில் சுற்றி, மேலே பட்டர் பேப்பர், அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர். மழை மாதம். ஒரு சீட்டில் நூல் நம்பர்களையும், வெந்நீர் ஆகுமா ஆகாதா என்பதையும் எழுதி, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு முழம் மிச்ச நூல் வையுங்கள். என்றைக்காவது ஒரு தையல் விட்டால் அவரே போட்டுக்கொள்வார். 2025-இல் ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் கவுண்டரில் ஸ்பீட் போஸ்ட் என்றே கேட்டு, ரசீதைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

இந்த வருடம் சீட்டில் எனக்கு வந்தது கரூர் அக்கா. யானை மட்டும் வேண்டாங்க, வீட்டில் ஏற்கெனவே மூன்று நிற்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கிளுவை வேலியும் அதன் ஓரம் ஒரு செவலைக் கன்றும் போடலாம் என்று காடாவை ஊறப்போட்டிருக்கிறேன்.