தொங்கிப்போன மர கேட்டுக்கு நான் தேர்ந்தெடுத்த இணைப்பு

கார் நுழையும் இரட்டை மர கேட்டில் ஒரு கதவின் நுனி தரையில் உரச ஆரம்பித்தது. கீல் உறுதியாகத்தான் இருந்தது. சட்டங்களின் மூலைகள்தான் விலகியிருந்தன. உள்ளே வெறும் டவலும் (dowel, மூட்டுக்குள் செருகும் உருண்டை மரக்குச்சி) பசையும்.

அலமாரிக்கு டவல் போதும். கேட்டில் முழு எடையும் கீல் பக்கத்துச் சட்டத்தில் தொங்குகிறது, அதோடு மழைக்கும் வெயிலுக்கும் மரம் உப்பிச் சுருங்குகிறது. பாதிக்குப் பாதி வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்க்ரூ போடலாமா என்று யோசித்தேன். சுலபம்தான், ஆனால் வெளியே தெரியும் அந்தக் கோடு முழுக்கத் தண்ணீர் இறங்கும்.

ஆகவே துளை-கழுந்து: ஒரு சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு (கழுந்து) மற்றச் சட்டத்தின் துளைக்குள் நுழையும் இணைப்பு. குறுக்குச் சட்டங்களைப் புதிதாக அறுத்தேன். கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு; துளை மறுபக்கம் வரை. பழைய டவல் ஓட்டைகள் அந்தத் துளைக்குள்ளேயே அடங்கிவிட்டன. அப்புறம் மர ஆணி. சூட்சுமமே இங்கேதான்: கழுந்தில் போடும் ஆணித் துளையை, மற்றச் சட்டத்தின் ஆணித் துளைக்கு நேராக இல்லாமல், கழுந்தின் தோள் (கழுந்து தொடங்கும் படி) பக்கமாகச் சுமார் 2 மி.மீ. தள்ளிப் போட வேண்டும். ஆணி இறங்க இறங்க, கழுந்தை அதுவே இழுத்து இறுக்கிவிடும். எபாக்சி பசையும் தடவினேன், ஆனால் நாளைக்கு அது விட்டாலும் மூட்டு பிரியாது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

சாய்வுச் சட்டம் கீழ்க்கீல் மூலையிலிருந்து எதிர்ப்பக்க மேல் மூலைக்கு ஏற வேண்டும். அப்போதுதான் எடையைத் தாங்கிக் கீலுக்கு அனுப்பும். நடுப்பலகைகளுக்குப் பசையே கிடையாது, விரிய இடைவெளி மட்டும்.